இரண்டாம் சீசன் கப்பலும் உங்கள் தங்கையும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். தங்கள் தங்கை நலம் என்பதை, நேற்று அவள் போனை வைத்த வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். எட்டு மாத வயிற்றோடு அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். "பொம்மைக்காகப் பொண்டாட்டிய விட்டவன்" என்று தாங்கள் என்னைப் பற்றிச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அது பொம்மை இல்லை, மச்சான். அளவு பிசகாத மாதிரி வடிவம். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவளைத் திருப்பி அனுப்பலாமா என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முந்நூற்றுப் பதினெட்டு எபிசோடு கொண்ட ஒரு விண்வெளித் தொடருக்கு நான் ரசிகன் என்பது தங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். "கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல, டிவிதான் பார்ப்பாரு" என்று உங்கள் வீட்டில் எடுத்துச் சொன்னவரே தாங்கள்தான். ஆனால் பார்ப்பதோடு இது முடிவதில்லை. வெளியான வரிசையில் ஒருமுறை, கதை நடந்த வரிசையில் ஒருமுறை பார்க்க வேண்டும். அதைப் பற்றி இணையத்தில் யாராவது தப்பாக எழுதினால் உடனே திருத்த வேண்டும், தினமும் யாராவது எழுதிவிடுகிறார்கள். தொடரில் வரும் விண்கப்பலின் மாதிரி வடிவம் வாங்கினால் பிரித்துப் பார்க்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று என்று இரண்டாக வாங்க வேண்டும். என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. லீவும் இதிலேயே போயிற்று. தொடரில் அந்தக் கப்பலின் கேப்டன் இறந்த வாரம், குடும்பத்தில் துக்கம் என்று எழுதிக் கொடுத்து மூன்று நாள் எடுத்தேன். எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் சும்மா விடுவாரா? "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். எனக்குப் பொய் வராது. "கேப்டன், சார்" என்றேன். அதன்பிறகு வருடம் முழுக்க லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சென்ற மாதம் தங்கள் தங்கை டேப்பை எடுத்துச் சின்ன அறையை அளந்தாள். தொட்டிலுக்கு மூன்றரை அடி வேண்டும். பெட்டிகள் போக இருந்தது இரண்டடி. "பெட்டியா, புள்ளையா? நீங்களே சொல்லுங்க" என்றாள். யோசிக்காமல் பிள்ளை என்றேன். (கொஞ்சம் யோசித்தேன் என்று அவள் சொல்வாள், நம்பாதீர்கள்.) விளம்பரம் கொடுத்ததும் மொத்தத்தையும் வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். பணத்தை மேஜைமேல் வைத்தார். பதினான்கு பெட்டிகளைக் கீழே இறக்கியாகிவிட்டது. பதினைந்தாவதைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றவர், "இது மூணாவது சீசன் கப்பல்தானே?" என்றார். மச்சான், அது இரண்டாவது சீசன் கப்பல்! இடது இறக்கையில் கருகிய தடம் இருக்கும். மூன்றாவது சீசனில் அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். "கீழ வைங்க சார்" என்றேன். "எதுவா இருந்தா என்ன சார், கிளினிக் வாசல்ல வைக்கத்தானே" என்று அவர் சிரித்தார். அந்தச் சொல்லை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது? அவரை உட்காரவைத்து முதல் எபிசோடிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து மனிதர் பணத்தை எண்ணக்கூட எண்ணாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார். பதினான்கு பெட்டிகளையும் நானே மேலே ஏற்றினேன். திரும்பினால் தங்கள் தங்கை பையோடு வாசலில் நிற்கிறாள். "நமக்கு என்னைக்குக் கல்யாணம் ஆச்சு? அதையாவது சொல்லுங்க" என்றாள். "நூத்தி நாப்பதாவது எபிசோடு வந்த மறுநாள்" என்றேன். சரியான பதில்தான், மச்சான். இருந்தும் போய்விட்டாள்.

அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. "இவன் யாரு, போன வாரம் செத்தவன்தானே?" என்று குறுக்கே கேட்க ஆளில்லாமல் தொடரே சப்பென்று இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. என் பிள்ளை கண்திறந்து பார்க்கும்போது பக்கத்தில் நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று. இன்று காலையே அந்தக் கிளினிக்குக்குப் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்து, எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். கப்பல் இப்போது அவர் வாசலில், மூன்றாவது சீசன் என்று எழுதிய அட்டையோடு நிற்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவுக்கு வந்துதான் அழுதேன். அறை காலி. தொட்டில் போட்டாகிவிட்டது. இனி எனக்கு மனைவியும் பிள்ளையும்தான், மற்றதெல்லாம் அப்புறம். தயவுசெய்து அவளை அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களை டிவி முன்னால் அதிக நேரம் உட்கார விடாதீர்கள்.

இப்படிக்கு,
முற்றிலும் திருந்திவிட்ட
தங்கள் மைத்துனன்

பி.கு.: ஆபரேஷனுக்கு டாக்டர் குறித்திருப்பது பத்தொன்பதாம் தேதி காலை. அந்தத் தொடரின் கடைசிப் படம் வெளியாவதும் அதே காலைதான். டிக்கெட்டுக்குப் பதிந்து பதினோரு மாதம் ஆகிறது. குழந்தைக்கு எட்டு மாதம்தான். எங்கள் ஆபீஸில் இப்படி இரண்டு விண்ணப்பங்கள் மோதினால் சீனியாரிட்டிதான் பார்ப்போம். ஆகவே மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் தாங்களே கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். படம் முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு நிமிடக் காட்சி வரும், அதை மட்டும் பார்த்துவிட்டு.