மாமனார் ஆன கைக்கோடரி

மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பைத்தியத்துக்கு எடை இருக்கக் கூடாது. தபால்தலை சேர்க்கிறவன் வீட்டில் சண்டை வந்தால் ஆல்பத்தைப் பரணில் போட்டுவிட்டுச் சமாதானமாகிவிடலாம். தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறவனுக்கு ஒரு பிஸ்கட் டப்பா போதும். நான் சேர்த்தது கல். அதுவும் சாதாரணக் கல் இல்லை, ஆதிமனிதன் கொத்திச் செதுக்கிப் போட்டுவிட்டுப் போன கோடரிக் கல், வெட்டுக் கல், சுரண்டுகிற கல். அவன் போட்டுவிட்டுப் போனதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கால்நடைத் துறையில் எனக்கு வேலை. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஊர்களில் மாடுகளுக்கு ஊசி போடுவது. (ஊரில் என்னை மாட்டு டாக்டர் என்பார்கள். டாக்டருக்குப் பெட்டி தூக்குகிறவன் என்பதை நானும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை.) ஒருநாள் செய்தித்தாளில் கற்காலக் கைக்கோடரி ஒன்றின் படத்தைப் பார்த்தேன். அதே மாதிரி ஒரு கல்லை முந்தின வாரம்தான் என் பைக் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். வேலையை விட்டுவிட்டு ஓடிப் போய் அதைத் தேடி எடுத்து வந்தேன். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதற்குப் பிறகு மலையடிவாரத்தில் மேய்கிற மாடுகளைத் தேடிப் போனால் மாடு அகப்படாது, கல் அகப்படும்.

என் மனைவி கஸ்தூரி நிறையப் பொறுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு வெட்டுக் கல் அவள் கால் விரலில் விழுந்த அன்று, "இந்த வீட்ல ஒண்ணு கல்லு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். பதில் சொல்ல நான் கொஞ்சம் யோசித்ததுதான் தப்பாகப் போய்விட்டது. மறுநாளே கற்களை மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றித் தன் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

என் மாமனாருக்கு நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் மாந்தோப்பு. மூட்டைகள் அவருடைய மாட்டுக் கொட்டாயில் இறங்கின. "ஊர்ல மாமனாருங்க மாப்ளைக்கு சீரு செய்வாங்க. எங்க மாப்ள எங்களுக்கு கல்லு சீரு அனுப்பிச்சிக்கிறாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். நான் போனால், "மாப்ள, தோப்புலகூட நெறைய கல்லு கீது. அதையும் பொறுக்கிக்கினு போனீங்கன்னா ஏர் ஓட்ட சுலுவா இருக்கும்" என்பார். ஒருமுறைகூட அந்தக் கற்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அந்த மூட்டைகளில் ஒரே ஒரு கல்லை மட்டும் பழைய பனியன் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தேன். ஏரிக்கு மேலே ஓடையில் கிடைத்த கைக்கோடரி. அடி உருண்டையாக உள்ளங்கைக்குள் அடங்கும். முனை மாவிலை போலக் குறுகும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் செதுக்கியது. ஒருநாள் துணியைப் பிரித்தபோது அடிப்பகுதியில் லேசான சிவப்புக் கறை தெரிந்தது. முதலில் கழுவியபோது அது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று யோசிக்காமல், ஆதிமனிதன் பூசிய காவி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். படம் எடுத்து, காவி விவரத்தையும் எழுதி, திருப்பதியில் இதையெல்லாம் ஆராய்கிற ஒரு பேராசிரியைக்கு அனுப்பினேன். லட்சக்கணக்கான வருஷத்துக் கல்லாக இருக்கலாம், நேரில் வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்டெடுத்தவர் பெயரையும் எழுதி வைப்போம் என்றார். அந்தப் பெயர் அட்டை என் கண்ணிலேயே நின்றது. அப்போது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் மாமனார் இறந்துபோனார். தோப்புக்கு மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். நான் அழுதேன். கிண்டல் செய்கிறவர் இல்லாமல் போனால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எரித்துவிட்டு வரும்வரை எனக்குக் கல் நினைவே இல்லை. (இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கம் சொல்ல வேறு எதுவும் வரப் போவதில்லை.)

எங்கள் பக்கத்தில், எரித்த இடத்தில் பால் தெளித்த அன்று ஒரு கல்லை நடுவார்கள். கருமாதி வரைக்கும் செத்தவர் அந்தக் கல்லில்தான் இருக்கிறார். வாசலோரம் தென்னோலைப் பந்தல் போட்டு, தினமும் விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். கருமாதியன்று மகன் அதை ஏரிக்கு எடுத்துப் போய், தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும்.

பால் தெளித்த அன்று எனக்குத் தடுப்பூசி முகாம். முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து பந்தலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழும்போது மூக்குக்கு நேரே கல். மஞ்சள் பூசி நாமம் இட்டிருந்தது. நல்ல வடிவமாக இருக்கிறதே என்று முதலில் ரசித்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வேறு செதுக்கியிருந்தது. பிறகுதான் அடையாளம் தெரிந்தது. முனையை மண்ணில் ஊன்றிக்கொண்டு, உருண்டை அடியை மேலே நீட்டிக்கொண்டு, என் கைக்கோடரி என் மாமனாராக உட்கார்ந்திருந்தது.

மச்சான் முனிரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். கஸ்தூரியின் தம்பி, மொட்டையடித்த தலையோடு நின்றான்.

"ஏம்பா, இந்தக் கல்ல எங்க எடுத்தீங்க?"

"கொட்டாயிலதான் மாமா. அம்மாதான் கொண்டாந்து குடுத்துச்சி."

"வேற ஒரு கல்ல நட்டா ஆகாதா?"

"நட்டாச்சி மாமா. நைனா அதுல வந்துட்டாரு. வேற கல்லுக்கு மாறுங்கன்னு இனிமே அவராண்ட யாரு போயி சொல்றது?"

 அடுத்த நாளே பேராசிரியை போன் செய்தார். வெளியூர் கிளம்புகிறேன், வர மாதக்கணக்காகும், நாளைக்கு வந்து பார்த்துவிடலாமா என்று தெலுங்கில் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வீட்டில் நடந்த சாவைச் சொல்லி, கல் நட்டிருப்பதையும் சொல்லி, "தொட்டுப் பார்க்கலாம், எடுக்கத்தான் கூடாது, வாங்க மேடம்" என்றேன்.

சாவு வீட்டுக்கு வரும் பெண்ணை உள்ளே இருக்கும் பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள், யார் எவர் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். பேராசிரியை காரிலிருந்து இறங்கியதும் அப்படித்தான் கட்டிக்கொண்டார்கள். அவர் நல்ல மனுஷி. அவருடைய அம்மா கொஞ்ச நாள் முன்புதான் தவறியிருந்தார் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. அந்தத் தோள்களுக்கு நடுவில் அவரும் தேம்பித் தேம்பி அழுதார். அழுத முகத்தோடு பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்தவர், இடத்தைப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்துவிட்டார். கல்லின் உருண்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இன்னாள்ளூ இக்கடே உன்னாவா!" என்றார் மெதுவாக. (இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்தாயா!)

அவர் பேசியது கல்லோடு. ஆனால் எங்கள் ஊரில் தெலுங்கு தெரியாத ஆள் கிடையாது. அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த என் அத்தை, அதாவது என் மாமியார், தலையை நிமிர்த்திப் பார்த்தார். பேராசிரியை செல்போனில் கல்லைப் படம் பிடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து நின்றான். "யாரு மாமா இந்தம்மா?"

"தெரிஞ்சவங்கதான்."

"யாருக்கு?"

வாசற்படியில் கஸ்தூரி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா செத்த வீட்டுக்குக் கல் பார்க்க ஆள் வரவழைத்தேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"உங்க நைனாவுக்குத்தான். திருப்பதியில பழக்கம்போல" என்றேன்.

எரித்து முடித்த மனிதரை அந்த ஒரு வாக்கியத்தில் நான் இன்னொரு முறை கொன்றேன். அன்று சாயங்காலம் பந்தலில் அழுகைச் சத்தம் இல்லை. அத்தை சோற்றைக் கொண்டுவந்து வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். "மாங்கா சீசனானா மண்டி மண்டின்னு திருப்பதிக்கு ஓடுவாரு. ரெண்டு நாளு தங்கிக்கினு வருவாரு. நானும் மண்டின்னே நெனச்சிக்கினு இருந்தேன்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. முனிரத்தினத்துக்கு வேறு கவலை. "மாமா, எனக்கு தம்பி கிம்பி கீறானா? தோப்புல பங்கு கேட்டுக்கினு வருவானா?" என்றான். கஸ்தூரி அப்பாவின் படத்தின் பக்கமே போகவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் எல்லார் கண்ணும் கல்மேலேயே இருக்கும், அது ஏரிக்குப் போய்விடும். கல்லை மாற்றிவிட என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. மூட்டையிலிருந்து ஏறக்குறைய அதே அளவில் ஒரு கல்லை எடுத்தேன், மஞ்சள் பூசினேன், நாமமும் இட்டேன். கருமாதியன்று காரியச் சாமான்களோடு ஏரிக்குப் போகும் கூடையைத் தூக்குகிற பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு பொறுப்பாக இருந்ததில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.)

கருமாதியன்று காலையில் ஏரிக்கரையில் எல்லாரும் கூடியிருந்தோம். காரியம் செய்து வைக்க வந்த தாசரி சங்கு ஊதினார். பந்தலிலிருந்து பிடுங்கி வந்த கல் வாழையிலையில் இருந்தது. என் கூடையில் துண்டுக்கு அடியில் மற்றது. தாலியைக் கழற்றி வாங்குவதற்காக அத்தையை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தாலிய நான் கழட்ட மாட்டேன். நான் எதுக்கு கழட்டணும்? திருப்பதியில ஒருத்தி கீறாளே, அவள இட்டுக்கினு வாங்க. அவ மொதல்ல கழட்டட்டும்."

 தாசரி சங்கைக் கீழே வைத்தார். முனிரத்தினம் அழ ஆரம்பித்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வாழையிலையில் என் மாமனார் பதில் சொல்ல முடியாமல் கிடந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அத்தை, அந்தம்மா மாமாவப் பாக்க வரல. அவங்க மாமாவ பாத்ததே இல்ல. அவங்க காலேஜ்ல பாடம் சொல்றவங்க. கல்லப் பாக்க வந்தாங்க. நான்தான் வரச் சொன்னேன்."

அத்தை நம்பவில்லை. நம்ப வைக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. துண்டை விலக்கி மற்ற கல்லை எடுத்து இலையில் வைத்தேன். நாமமும் மஞ்சளுமாக இரண்டு மாமனார்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். கஸ்தூரி என் கைக்கோடரியைக் கையில் எடுத்தாள். என் மேல் எறிவாள் என்று எதிர்பார்த்தேன், எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இந்தக் கல்லுக்கா?" என்றார் அத்தை.  "இது அவரு வெத்தல இடிக்கிற கல்லு மாப்ள. பல்லு போனதுல இருந்து உங்க மூட்டையில இருந்து எடுத்துதான் இடிச்சிக்கினு இருந்தாரு. கையில எப்டி ஒக்காருது பாரு, எந்தப் புண்ணியவான் செஞ்சானோன்னு சொல்லிக்கினே இடிப்பாரு. உங்களுக்கு தெரிஞ்சா தலைமேல ஏறிக்குவீங்கன்னு, இடிச்சிட்டு மறுபடியும் துணியில சுத்தி வச்சிடுவாரு. அவரு கையில இருந்த கல்லுன்னுதான் அதையே கொண்டாந்து நடச் சொன்னேன்."

ஆதிமனிதன் பூசிய காவி, என் மாமனாரின் வெற்றிலைச் சாறு. இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அத்தை இன்னும் முடிக்கவில்லை.

"அந்தம்மா வந்துட்டு போனதுல இருந்து இந்த மனுசனுக்கு நான் ஒரு சொட்டு கண்ணீர் வுடல. சோறு வச்சப்பகூட மொகத்த திருப்பிக்கினுதான் வச்சேன். இன்னிக்கு ஏரிக்கு போறாரு. அந்த அழுகைய எல்லாம் நான் எப்ப அழுவுறது மாப்ள?"

 அத்தை மணலில் உட்கார்ந்து, வெற்றிலை இடித்த கல்லை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். வெயில் ஏறியது. தாசரி அவசரப்படுத்தவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்த பிறகு அவரே கழுத்தை நீட்டினார். முனிரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தோளுக்கு மேலே அந்தக் கல்லை எறிந்தான். எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரில் வட்டம்தான் இருந்தது.

கஸ்தூரி என்னோடு மறுபடி பேச மழைக்காலம் வர வேண்டியிருந்தது. பேராசிரியையிடம் விஷயத்தைச் சொன்னபோது காவியைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவரிடம் இருக்கும் படத்தில் என் கைக்கோடரி நாமத்தோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி, பெயர் அட்டை எல்லாம் கனவோடு போயிற்று. மூட்டைகள் இன்னும் கொட்டாயில்தான் இருக்கின்றன, அத்தை ஒரு கல்லைக்கூட வெளியே போடவில்லை. ஆனால் செருப்பு வாரைச் சரிசெய்ய நான் குனிந்தால்கூடப் போதும், எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர், "யாரோட நைனான்னு கேட்டுக்கினு எடுங்க" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். என் பெண்ணும் இப்போது சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன கோடையில் அந்த ஏரி வற்றிவிட்டது. ஏரிக்குள்ளேயே மாடுகள் மேய்ந்ததால் தடுப்பூசி முகாமையும் அங்கேயே போட்டார்கள். காலையில் கிளம்பும்போது அத்தையிடமிருந்து போன்.

"மாப்ள, ஏரியில முகாமாமே. உங்க மாமா அங்க வெயில்ல கெடப்பாரு. கண்ணுல பட்டா கும்புட்டுக்கினு வாங்க. தூக்கிக்கினு வராதீங்க."

கண்ணில் பட்டார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.