பழைய பிளேயரின் புதிய சுளுக்கு

பழைய பிளேயர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. நடமாடுகிறது என்பதுகூடக் கொஞ்சம் மிகை. நொண்டிக்கொண்டிருக்கிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வயது நாற்பதுக்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் வயிறு வரும், பிறகு அவர் வருவார். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். யாராவது பார்த்துவிட்டால், தூசி இருக்கிறதா என்று சோதித்த மாதிரி விரலை ஊதிக்கொள்வார். பேச்சு மழையில் ஆரம்பித்தாலும், பெட்ரோல் விலையில் ஆரம்பித்தாலும், யாரோ ஒருவருடைய மரணத்திலேயே ஆரம்பித்தாலும், கடைசியில் "இந்த முட்டி மட்டும் போகாம இருந்திருந்தா..." என்ற நிறுத்தத்தில் வந்து நிற்கும். அப்புறம் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்குள் ஒரு மைதானம், பத்தாயிரம் பேர், ஒரு கோப்பை எல்லாம் இருக்கும்.

முட்டி எப்போது போனது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்களா? சரி, உட்காருங்கள். வேறு வழியில்லை.

இன்னும் சந்தேகமிருந்தால் அவர் காலடிக்கு ஒரு பந்தை உருட்டிவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் குனிந்து எடுத்துக் கொடுப்பார்கள். பழைய பிளேயர் குனியமாட்டார். கையிலிருக்கும் காய்கறிப் பையைச் சுவரோரமாகச் சாய்த்து வைப்பார், சட்டைக் கையை மடித்துவிடுவார், "தள்ளி நில்லுங்கடா" என்பார், பன்னிரண்டு அடி பின்னால் போவார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார், ஓடி வருவார், உதைப்பார். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். செருப்பு எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருக்கும். தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வார்:

"கிரவுண்டு சரியில்ல."

அது தெரு.

விளையாட்டுக் காயங்களை மருத்துவர்கள் தசைப் பிடிப்பு, சுளுக்கு, மூட்டு விலகல், எலும்பு முறிவு என்று பிரிக்கிறார்கள். பாவம், அவர்கள் விளையாடுகிறவர்களை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இவர்களுக்கு வருவது பார்த்துப் பட்ட காயம், காட்டிப் பட்ட காயம், சொல்லிப் பட்ட காயம். கடைசி வகைதான் மிகவும் கொடுமை. இருபது வருடத்துக்கு முன்னால் எப்படிப் பாய்ந்து பிடித்தேன் என்று சொல்ல ஆரம்பித்து, சொல் போதாமல், சோபாவிலிருந்து பாய்ந்து, தோள்பட்டை இறங்கிப்போன ஒருவரை எனக்கு நேரடியாகவே தெரியும்.

அவர் என் அக்காவின் கணவர். டைல்ஸ் கடை மேலாளர். வழுக்காத டைல்ஸ் எது என்று ஊருக்கே சொல்கிறவர். அவர் வழுக்கி விழாத தரை இன்னும் செய்யப்படவில்லை. ஆறு நாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பில் மேசைக்கும் தண்ணீர் கேனுக்கும் உருண்டு போய் வருவார். ஏழாம் நாள் சிறுத்தை ஆகிவிடுவார். நடுவில் ஒரு பூனையாகவாவது இருந்து பழக வேண்டாமா?

"அஞ்சு நிமிஷம் கை காலை நீட்டி மடக்கிட்டுப் போங்களேன்" என்பாள் அக்கா.

"வார்ம்-அப் எல்லாம் புதுசா ஆடறவனுக்கும்மா. எனக்கு உடம்புலயே ஊறிப் போயிருக்கு."

"ஊறினது தெரியுது. பெல்ட்டுல அடுத்த ஓட்டை போடணும்."

போன மாதம் அவரைப் பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே சிகிச்சை தரும் அம்மா நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

"ஃபுட்பால்ல."

"ஆடும்போதா?"

அத்தான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"பார்க்கும்போது" என்றாள் பின்னால் நின்ற மகள். "கோல் போடறேன்னு டீப்பாயை உதைச்சிட்டார்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. தொழில் தர்மம். ஆனால் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும்; ஓடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும்; வேகத்தை வாரம் வாரமாகத்தான் கூட்ட வேண்டும்; வலித்தால் நிறுத்த வேண்டும். தாள் அத்தானிடம் நீட்டப்பட்டது. வாங்கியது மகள்.

அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய கஷ்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் மூன்று கால் ஓட்டம். விசில் ஊதியதும் அத்தான் சிறுத்தையாகப் பாய்ந்தார். நாலாவது அடியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மகள் விடவில்லை. காலோடு கால் கட்டியிருந்த அப்பாவைக் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போய்ச் சேர்த்தாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் ஆம்புலன்ஸ். வருகைப் பதிவு எடுக்கும்போதுகூடப் பின்பெஞ்சிலிருந்து யாராவது சைரன் மாதிரி ஊளையிடுவார்களாம்.

இந்த வருடம் அந்தப் பெயரைத் தொலைத்தாக வேண்டும். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. அம்மாவோடு ஓடேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பேர் அப்பாவால வந்துச்சு மாமா. அப்பாவாலதான் போகணும்" என்றாள்.

தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. காலை ஆறு மணிக்கு விசில். அத்தான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வார். இரண்டாவது விசில் தலையணைக்கு உள்ளே கேட்கும்.

"கணுக்காலைச் சுத்துங்கப்பா. பத்துத் தடவை."

"சுத்தியாச்சு."

"நீங்க சுத்தினது கையில இருக்கற கார் சாவிய."

நடை. நீட்டல். மடக்கல். அதன் பிறகு பழைய துண்டால் இருவர் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஓட்டம். கட்டின கால் உள்ளே, கட்டாத கால் வெளியே. "உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே" என்று அவள் கத்தக் கத்த, ஒரு மனிதர் மூன்று வாரத்தில் தன் மகளுடைய கால் நீளத்துக்குத் தன் பெருமையைக் குறைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். இடையில் ஒரே ஒரு நாள் தெருவில் பந்து உருண்டு வந்தது. அத்தானுக்கு மூக்கு விடைத்தது. அவள் துண்டை இறுக்கிப் பிடித்தாள். பந்து அதுபாட்டுக்குப் போய்விட்டது.

விழா நாள். எட்டு ஜோடி. விளையாட்டு ஆசிரியர் ஒவ்வொரு ஜோடிக்கும் அவரவர் கொண்டுவந்த துண்டாலேயே காலைக் கட்டிக்கொண்டே வந்தார். வலி தெளிப்பான், பஞ்சு, ஐஸ் பெட்டி எல்லாம் என் மடியில். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

விசில். முதல் பாய்ச்சலிலேயே மூன்று அப்பாக்கள் மண்ணைப் பார்த்தார்கள். எல்லோரும் பழைய பிளேயர்கள். நம்மவர் பாயவில்லை. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. வாய் திறந்திருந்தது, கண் மகளுடைய செருப்பில்லாத சின்னப் பாதத்திலேயே இருந்தது. அந்த முப்பது மீட்டரிலும் அவர் பழைய பிளேயராக இல்லை, வெறும் அப்பாவாக ஓடினார். காயமில்லை, பிடிப்பில்லை. கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ஒலிபெருக்கி மூன்றாம் இடம் என்று அறிவித்தது.

அத்தான் வாழ்நாளில் எதிலும் மூன்றாம் இடம் வந்ததில்லை. (இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.) இரண்டு கையையும் விரித்து, வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு குதி குதித்தார். ஒரு கால் மேலே போனது. இன்னொரு கால் மகளிடம் இருந்தது.

'டப்' என்று ஒரு சத்தம். தூசி அடங்கியபோது அத்தான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவர் வயிற்றின் மேல் பத்திரமாக விழுந்திருந்த மகள் எழுந்து, கட்டை அவிழ்த்து, வீங்க ஆரம்பித்திருந்த காலைப் பார்த்தாள்.

"ஓடறதுக்குப் பழக்கிட்டேன்ப்பா" என்றாள் மெதுவாக. "ஜெயிக்கறதுக்குப் பழக்க மறந்துட்டேன்."

அத்தான் வாயைத் திறந்தார். "கிர..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்தாள்.

"குதிச்சிருக்கக் கூடாது" என்றார்.

தன் காயத்துக்கான காரணத்தைப் பழைய பிளேயர் ஒருவர் சரியாகச் சொன்னதை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் ஐஸ் பெட்டியோடு ஓடினேன். அவள் ஐஸை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள், அதே துண்டால் கணுக்காலைக் கட்டினாள், அப்பாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். விளையாட்டு ஆசிரியர் அங்கேயே வந்து மூன்றாம் பரிசு ரிப்பனை அவள் சட்டையில் குத்திவிட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பின்பெஞ்சுக் குரல் கிளம்பியது: "டேய், ஆம்புலன்ஸ்!"

"ஆமா" என்றாள், ரிப்பனை நேராக்கிக்கொண்டே. "வழிய விடுங்க."

விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் ஊளையிடுவதில்லையாம். ஊளையிட்டால் அவளே விசிலை எடுத்துவிடுகிறாள்.

அத்தான் இப்போது நலம். நேற்றுக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தக் கணுக்கால் மட்டும் போகாம இருந்திருந்தா, அன்னிக்கு நாங்கதான் முதல்." கணுக்கால் போனது கோட்டைத் தாண்டிய பிறகுதான் என்பதை வாடிக்கையாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு நேரமாக முட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள்? சும்மாவா? நம்புகிறேன். தெருவில் பந்து உருளும் சத்தம் கேட்கிறது, உங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் வருகிறது. மெதுவாக எழுந்து போங்கள். குனிந்து, கையால் எடுத்துக் கொடுங்கள்.

முடியாதா? அப்படியானால் செருப்பையாவது கழற்றி வைத்துவிட்டு உதையுங்கள்.