மனம் நோகாத ரிப்போர்ட்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு எல்லாருக்கும் நல்லவராவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதியது. மூன்றில் கடைசிதான் மகத்தானது.

அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் புத்தகம், பழைய புத்தகக் கடையில் ஒரு லிஃப்ட் ஆய்வாளரிடம் சிக்கியது. பழுதான லிஃப்டுகளுக்குப் பூட்டுப் போடுவதுதான் அவர் வேலை. அதனால் ஆபீசில் அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பெயர். பதவி உயர்வு ஒவ்வொரு முறையும் அவர் மாடியில் நிற்காமலே மேலே போய்விடும்.

முதல் பாடம், பாராட்டு. மறுநாள் காலையில் மனைவியிடம் ஆரம்பித்தார்.

"காபி அபாரம். எவ்வளவு பொறுமையா போட்டிருக்கே!"

அந்த அம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. என்ன தப்பு பண்ணீங்க?"

இரண்டாம் பாடம், யாரிடமும் குறை சொல்லாதே. அந்த வாரம் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் ஆய்வு. லிஃப்டின் கம்பிக்கயிறு இழை இழையாகப் பிரிந்திருந்தது. பழைய ஆளாக இருந்தால் அப்போதே பூட்டியிருப்பார். இப்போது கட்டிட உரிமையாளரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

"உள்ளே கண்ணாடி பிரமாதம் சார். யார் செலக்‌ஷன்?"

"நான்தான்."

"நினைச்சேன்!"

"கயிறு எப்படி இருக்கு?"

உண்மை தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "பாவம், ரொம்ப உழைச்சிருக்கு சார்."

"நம்ம பில்டிங்ல எல்லாமே அப்படித்தான்" என்று உரிமையாளர் பூரித்துப்போனார்.

ரிப்போர்ட் இப்படி அமைந்தது: 'கண்ணாடி கண்கவர். கதவு பணிவுமிக்கது. கம்பிக்கயிறு, நெடிய சேவைக்குப் பின் ஓய்வை எதிர்நோக்குகிறது.'

இயக்குநர் படித்து உருகினார். "இத்தனை வருஷமா இந்தத் திறமையை எங்கய்யா வெச்சிருந்தே?" என்றார். கூட்டம் கூட்டி, அவரை 'நல்லுறவு முதுநிலை ஆய்வாளர்' ஆக்கினார்கள். கை தட்டினார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாக நாலு பேர் கை குலுக்கியபோது, அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

பத்தாம் நாள் கயிறு ஓய்வு பெற்றது.

இரண்டாம் மாடியிலிருந்து விழுந்த லிஃப்டுக்குள் ஒரே ஒருத்தி இருந்தாள். மேல்மாடியில் துணி தைக்கிறவள். மிஷின் மிதிக்கிற வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு.

சேதி கேட்டதிலிருந்து ஆய்வாளருக்குச் சோறு இறங்கவில்லை. பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே நின்றதும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்தது. மாவுக்கட்டைப் பார்த்ததும் போய்விட்டது. தான் யார் என்பதைச் சொன்னார்.

"கயிறு அறுந்துடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"சொல்லியிருந்தா படியிலேயே ஏறியிருப்பேனே."

"சொன்னா, ஓனர் மனசு நோகுமேன்னு..."

அவள் இடது காலை மெல்லத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"ரொம்ப நல்ல மனுஷன் சார் நீங்க. உங்கள மாதிரி இன்னொருத்தர் இருந்திருந்தா, இதுவும் போயிருக்கும்."