விரல் கோத்தல் தடைச் சட்டம்

கடல் நீர் இன்னும் இனித்துக் கிடந்த காலத்திலேயே திருமேனி நாடு செழித்திருந்தது. அதன் இடுப்புப் பகுதியில் அவரைக் கொட்டை வடிவில் இரண்டு ஊர்கள். நாட்டின் ஆறு முழுவதும் அங்கே போய் வடிகட்டப்பட்டுத்தான் திரும்பும். வடிகட்டி எதுவென்று கேட்டால் சிரிப்பீர்கள்: பெண்களின் கைவிரல்கள். வரிசையாக நின்று, பக்கத்தில் நிற்பவளின் விரல்களோடு தம் விரல்களைக் கோத்துக்கொள்வார்கள். அழுக்குத் தண்ணீர் இடுக்கு வழியே வெளியேறும். ஆற்றோடு மிதந்துவரும் நாட்டின் சோற்றுப் பருக்கை ஒன்றுகூடத் தப்பாது. அவர்களில் மாசிலாள் மகா கெட்டிக்காரி. அவள் விரலிடுக்கில் கொசுவின் பெருமூச்சுகூட அனுமதி கேட்டுத்தான் நுழையும்.

காவற்படையும் லேசுப்பட்டதல்ல. தொண்டைக் கோட்டை வழியாகத் திருடர்கள் சங்கிலிபோலக் கை கோத்து நுழைந்தபோது, ஒருவர் விடாமல் மஞ்சள் சாயம் பூசினார்கள். சாயம் பட்டவனை யாரும் அடிக்கலாம், விசாரணை கிடையாது. அது அந்நாட்டு வழக்கம். திருடர் கூட்டம் பொடிப்பொடியானது. தளபதி வீரப்பரணியாரின் மார்பில் இடம் போதாமல் முதுகிலும் பதக்கம் குத்தினார்கள்.

வெற்றிக்குப் பிறகு அடிக்க ஆளில்லை. படை சோம்பிவிடுமே என்று தளபதி ஆணை பிறப்பித்தார்: “இனி இந்நாட்டில் கை கோத்து நிற்பவர் எவராயினும் அந்நியரே!”

சாய வாளியோடு காவலன் ஒருவன் மாசிலாளிடம் வந்தான்.

“ஏம்மா, கையை எடு.”

“எடுத்தா நாட்டோட சோறு மொத்தமும் ஆத்தோட போயிடும்யா. உன் சோறும்தான்.”

“ஆணையில சோத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையே.”

“அப்பப் பூசிட்டுப் போ. மூக்குல மட்டும் படாமப் பூசு, தும்மல் வரும்.”

பூசினான். தடிகள் இறங்கின. மாசிலாள் நின்றாள், பக்கத்துப் பெண்கள் பலர் சாய்ந்தார்கள். இடைவெளிகளில் சோறு ஓடியது. வெளியேறிய நீர் நுரைத்தது. “நம் ஆட்சியில் பாலாறு ஓடுகிறது!” என்றார் தளபதி. சாய்ந்தவர்கள் பாதி வழியை அடைத்துக் கிடந்ததால் வடியாத தண்ணீர் ஊரெங்கும் தேங்க, மக்களின் கால்கள் பூசணிக்காயாக வீங்கின. “வளர்ச்சி!” என்றார். வீங்காத கால்களுக்குத் தேசப்பற்று போதாதென்று இன்னோர் ஆணையும் வந்தது.

கடைசியில் தளபதியின் முகமே பானையாகி, கண் திறக்க மறுத்தது. மெய்க்காவலர்களுக்குக்கூடத் தெரியாமல் மாசிலாளிடம் வந்தார்.

“தாயி, தண்ணி ஏறுது. ஏதாவது பண்ணு.”

“அடிக்கிறதை நிறுத்துங்க. விழுந்தவளுக எந்திரிச்சுக் கோத்துக்குவாளுக. ஆணையைத் திரும்ப வாங்குங்க.”

“வாங்கினா நான் தப்புப் பண்ணினேன்னு ஆயிடுமே!”

“ஆகட்டுமே. உசிரு மிஞ்சுமில்ல?”

தளபதி ஆழ்ந்து யோசித்தார். பிறகு தேர்தல் அறிவித்தார்.

மக்கள் கழுத்தளவு நீரில் திரண்டார்கள். “ஆணை நீடிக்க விரும்புவோர் கைகளை உயர்த்துக!” என்றார் தேர்தல் அதிகாரி. மூழ்குகிறவன் கையை வேறெங்கே வைப்பான்? அத்தனை கைகளும் மேலே இருந்தன.

“அங்கே ஒருத்தி மட்டும் ஏன் உயர்த்தவில்லை?” என்று அதிகாரி சீறினார்.

மாசிலாள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் விழுந்துகிடந்தவளைத் தூக்கி நிறுத்தி, நீருக்கடியில் அவள் விரல்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.