மஸ்கட்டிலிருந்து வந்த கூட்டம்

"வர்றேன்" என்ற சொல்லைப் போல நம்ப முடியாத சொல் தமிழில் வேறு இல்லை. மழை வருது என்பார்கள், நம்பலாம். பஸ் வருது என்பார்கள், பாதி நம்பலாம். ஆனால் ஒரு மனுஷன் "கண்டிப்பா வர்றேன்" என்று சொன்னால், அந்தக் கண்டிப்புக்காகவே பந்தியில் ஓர் இலையைக் குறைத்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்கு உதித்தபோது நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சிதம்பரத்தில், காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது கடலூரில் ஒரு மரச்சாமான் கடையில் எனக்கு வேலை. கட்டில், பீரோ, சோபா, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் விற்போம். என் விசிட்டிங் கார்டில் "மக்கள் தொடர்பு அலுவலர்" என்று இருக்கும். (கார்டு அடிக்கக் கொடுத்தவனும் நான்தான், பதவியைக் கொடுத்துக்கொண்டவனும் நான்தான். முதலாளியைக் கேட்டால் "ஆள் கூப்புடுற பய" என்பார்.) பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. மிச்சத்தை டீக்கடை பெஞ்சில் படித்தேன்.

வேலை என்னவென்றால், கடையில் ஒரு விசேஷம் என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, அழைப்பிதழ் வைத்துக்கொண்டு கடைவீதி முழுக்கப் படியேறி இறங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் வரமாட்டார்கள். போனில் சொன்னால், "போன்லயே சொல்லிட்டான்" என்று அதையும் ஒரு குறையாக வைத்துக்கொள்வார்கள். நிருபர்கள் விஷயமும் அப்படித்தான். செய்திக்குறிப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது. டீ வாங்கிக் கொடுத்து, அவர் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்து, அவர் பைக்கில் பெட்ரோல் பங்க் வரைக்கும் கூடப் போய்வர வேண்டும். மறுநாள் நாலு வரி வரும். அதில் முதலாளி பெயர் தப்பாக இருக்கும். (அதைத் திருத்த மறுபடியும் ஒரு டீ.)

முதலாளிக்கு இந்த முறையில் அசையாத நம்பிக்கை. "வெத்தலைக்கு வராதவன் வெள்ளித்தட்டுக்கும் வரமாட்டான்" என்பார். எனக்குத்தான் கால் வலித்தது.

2011இல் அந்த வலிக்கு மருந்து கிடைத்தது. மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த என் நண்பன் ரஃபி ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான்.

"மச்சான், நீ எதுக்கு வெய்யில்ல அலையிற? ஊரே இங்கதான் கெடக்கு. பாரு."

பார்த்தேன். முகநூல். கூடப் படித்தவன், கடன் வாங்கிக்கொண்டு ஓடியவன், கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்றவள், எல்லாரும் ஒரே வீதியில் குடியிருந்தார்கள். ஒரே வாரத்தில் கடை பெயரில் அதில் ஒரு பக்கம் தொடங்கினேன். தினம் காலையில் ஒரு ரோஜாப்பூ, ஒரு பொன்மொழி, ஒரு பீரோ. (பொன்மொழி பெரும்பாலும் என்னுடையது. "நல்ல கட்டில் நல்ல கனவைத் தரும்" என்று எழுதியதற்கு ஒருவர் "சிந்திக்க வைத்துவிட்டீர்கள்" என்று பதில் போட்டிருந்தார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் கிளை திறப்பதாக முடிவாயிற்று. நான் தாம்பாளத்தைத் தொடவில்லை. முகநூலில் திறப்பு விழா அழைப்பைப் போட்டேன். கீழே "வருகிறேன்" என்று அமுக்க ஒரு பொத்தான். அமுக்கினார்கள் பாருங்கள்! சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாண மண்டபம் நிறைந்தது. மறுநாள் இரண்டாவது மண்டபம்.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவுங்கல்லாம் ஆரு?"

"நம்ம ஜனங்கதான் முதலாளி. சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, எல்லாம் நம்ம சுத்துப்பட்டு."

"வெத்தல வைக்காமயே வர்றேங்குறானுவளா?"

"காலம் மாறிப்போச்சு முதலாளி" என்றேன், காலத்தை நானே பிடித்துத் திருப்பிவைத்த மாதிரி மேஜையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

வீட்டில் அம்மாவிடமும் பெருமையடித்தேன். கரையோரத்தில் பிறந்து வளர்ந்தவள், மீன் அலசிக்கொண்டே கேட்டாள். "கடல்ல கெடக்குற மீனுக்குக் கரையில நின்னு வெல பேசுனானாம் ஒருத்தன்" என்றாள். அவள் ஏதோ மீன் வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் எனக்கு இன்னொரு அக்கறையும் இருந்தது. உண்மையில் அதுதான் பெரிய அக்கறை. காட்டுமன்னார்கோயிலில் மங்கை என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். காபி கொடுக்கும்போது "சக்கர போதுமா?" என்று என்னை மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். ஆனால் அவள் அப்பா தங்கராசு, அரிசி மில் மேஸ்திரி, கவிழ்கிற ஆளில்லை.

"தம்பிக்கு என்னா வேலை?"

"மக்கள் தொடர்பு மாமா."

"அப்டின்னா?"

"ஜனங்ககிட்ட பேசி, பழகி, கடைக்கு வர வைக்கிறது."

"பேசுறதுக்கா சம்பளம்?" என்று ஆச்சரியப்பட்டார். "எங்க மில்லுல பேசுனா சம்பளத்தப் புடிப்பாங்க."

பதிலை யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். "வாய வித்துப் பொழைக்கிறவனுக்கு எப்புடிப் பொண்ணு குடுக்குறது" என்று அவர் தயங்குவதாகத் தரகர் வந்து சொன்னார். சரி, வாய்க்கு என்ன மதிப்பு என்று கண்ணால் பார்க்கட்டும் என்று, காட்டுமன்னார்கோயிலுக்கே நேரில் போய், தாம்பாளம் வைத்துத் திறப்பு விழாவுக்கு அழைத்தேன். அந்த விழாவுக்கு நான் வெற்றிலை வைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

விழா நாள் காலையில் கடை வாசலில் பந்தல். நாற்காலிக்கு வாடகை எதற்கு என்று முதலாளி கிடங்கிலிருந்து எங்கள் புதுச் சிவப்பு நாற்காலிகளையே இறக்கி வரிசை வரிசையாகப் போடச் சொல்லிவிட்டார். நாதஸ்வரம் வந்தாயிற்று. அண்டா அண்டாவாகக் கேசரி. முதலாளிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்திருந்தேன். ரஃபி மடிக்கணினியோடு வந்து மேடையோரம் உட்கார்ந்திருந்தான், "நேரடியாப் படம் ஏத்துறேன் மச்சான்" என்று.

முதலில் வந்தவர்கள் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் இறங்கிய மூன்று பேர். தங்கராசு, அவர் அண்ணன், அவர் தம்பி. முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. வரவில்லை. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நாற்காலிச் செங்கடலில் மூன்று வெள்ளைச் சட்டைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

"கூட்டம் எப்ப தம்பி வரும்?" என்றார் தங்கராசு.

"வந்துகிட்டே இருக்காங்க மாமா."

ஓரமாகப் போய், அந்த வீதி வியாபாரிகளின் தலைவருக்குப் போன் போட்டேன். நாலு கடை தள்ளித்தான் அவர் கடை. கல்லாவில் உட்கார்ந்து அவர் போனை எடுப்பது எனக்கே தெரிந்தது.

"அண்ணே, வர்றேன்னு அமுக்கியிருந்தீங்களே!"

"ஆமா தம்பி, எம்மவன் காட்டுனான், அமுக்குனேன். கூப்புட்டதுக்கு அமுக்கியாச்சு, கணக்கு தீந்துது. கடையப் போட்டுட்டு எந்திரிச்சு வர்றதுக்கு நீ வெத்தல வச்சியா?"

"இங்கதான அண்ணே இருக்கீங்க, நாலு எட்டுதான..."

"அதத்தான் நானும் சொல்றேன். நாலு எட்டு. நீ வந்தியா?"

வைத்துவிட்டார். நிருபர்களுக்குப் போட்டேன். ஒருவர் எடுத்து, "படம்லாம் நீங்களே போட்டுக்குறீங்களாமே, எங்க தயவு எதுக்கு?" என்றார்.

உள்ளூர்க்காரர்கள் கோபத்தில் வரவில்லை, சரி. மிச்சம் இரண்டு மண்டபம் எங்கே? திரும்பி வந்தால், தங்கராசு எழுந்து ரஃபிக்குப் பின்னால் நின்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வர்றவங்க பேருல்லாம் இதுல இருக்காமே. காட்டு பாப்போம்."

ரஃபி காட்டினான். தங்கராசு விரலை வைத்து ஒவ்வொரு முகமாக நகர்ந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அண்ணே, இங்க வா. ஒம்மவன் குமரவேலு வர்றானாம்."

அவர் அண்ணன் பதறி எழுந்தார். "எங்கடா?"

"இங்கதான். இந்த விழாவுக்கு. வருகிறேன்னு போட்டிருக்கான்."

"அவன் மஸ்கட்ல இருக்கான்டா! எப்ப கெளம்புனான்? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! பாவி, வேலைய வுட்டுட்டானா?"

அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. குமரவேலுவுக்குப் போன் போனது. மஸ்கட்டில் வேலையில் இருந்தவனை அழைத்து, "ஏன்டா வர்ற?" என்று அப்பா அழ, "நான் எங்கப்பா வர்றேன், நம்ம ஊரு கடையாச்சேன்னு ஒரு ஆசையில அமுக்குனேன்" என்று அவன் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

ரஃபி மெல்லப் பட்டியலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மச்சான், இவன் ஷார்ஜா. இவன் குவைத். இது ரெண்டும் சிங்கப்பூரு. இது... எங்க சின்னாப்பா, சவூதியில தம்மாம்ல இருக்காரு." நம் சுற்றுப்பட்டுதான், நான் சொன்னதில் பொய்யில்லை. சுற்றுப்பட்டில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

இதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று முதலாளி ரிப்பனை வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்துவிட்டார். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி வாசிப்பது அவர் வழக்கம்.

"கடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே!"

பெருமக்கள் மூன்று பேரும் கணினிப் பக்கம் நின்றிருந்தார்கள். காய்கறிப் பையோடு வீதியில் போன ஓர் அம்மா உள்ளே வந்து, இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்கார்ந்து, இரண்டு தடவை ஆடிப் பார்த்தார்.

"இருக்க இடமின்றி நிற்கும் தாய்மார்களே!" என்றார் முதலாளி.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நாக்காலி என்னா வெல? பத்து எடுத்தா கொறைப்பியா?"

கடமை தவறாத ரஃபி அந்தக் கணத்தைப் படமெடுத்து ஏற்றிவிட்டான்.

முதலாளி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "மாறிப்போன காலத்துகிட்ட கேசரிய எங்க அனுப்பலாம்னு கேட்டுச் சொல்லு."

அன்றைக்கு மதியம் வெய்யிலில், பட்டு வேட்டியோடு, தாம்பாளம் தூக்கி வீதி முழுக்கப் படியேறினேன், கேசரி சாப்பிட வாருங்கள் என்று. வந்தார்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வியாபாரிகளின் தலைவர் என் தோளைத் தட்டி, "விழா நல்லாருந்துச்சு, நேத்தே கூப்புட்டிருந்தா வந்திருப்போம்" என்றார்.

சாயங்காலம் தங்கராசுவையும் மற்ற இருவரையும் பஸ் ஏற்றப் போனேன். கல்யாணம் போயிற்று என்று எனக்குத் தெரியும். வேலையும் போயிருக்கும், முதலாளி இன்னும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் மூன்று பேருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"மாமா, நான் வேணும்னு பொய் சொல்லல" என்றேன் கடைசியில்.

"தெரியுது" என்றார். "பொய்க்காரனா இருந்தா நாலு லாரியில ஆள எறக்கியிருப்ப. நீ எவனோ வர்றேன்னு சொன்னத நம்பி அண்டா அண்டாவாக் கேசரி கிண்டியிருக்க. ஏமாத்துறவனுக்குத்தான் பொண்ணு குடுக்கக் கூடாது. ஏமாந்தவனுக்குக் குடுக்கலாம். எம்பொண்ணு வெவரமானவ, ஒன்னப் பாத்துக்குவா."

(இதைவிடக் கேவலமாகச் சொல்லி ஒருவனுக்கு யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் பஸ் நிலையத்திலேயே காலில் விழுந்தேன்.)

பஸ் கிளம்பும்போது ஜன்னலில் தலையை நீட்டினார். "கல்யாணப் பத்திரிகைய மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சுடாத."

வேலை பிழைத்ததுதான் வேடிக்கை. ரஃபி ஏற்றிய படம், காலி நாற்காலிகளும் முதலாளியும் அந்த அம்மாவும் இருந்த படம், கடல் தாண்டி ஊரெல்லாம் சுற்றியது. முதலில் சிரித்தார்கள். பிறகு, "நாற்காலி நல்லாருக்கே, எங்க வூட்டுக்கு வேணும்" என்று எழுதினார்கள். அடுத்த சில வாரங்கள் பரங்கிப்பேட்டையிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பெண்கள் வந்து, "எங்க வூட்டுக்காரரு துபாய்ல பாத்தாராம், அந்தச் செவப்பு நாக்காலி" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். குமரவேலு தன் அப்பாவுக்கே ஆறு வாங்கச் சொன்னான், அவரை அழவைத்த பாவத்துக்கு. முதலாளி அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைத் திட்டுவதில்லை. "கூட்டத்துக்கு வெத்தல, வியாவாரத்துக்கு அது" என்று பிரித்துக்கொண்டுவிட்டார். நான் இரண்டையும் தூக்கினேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் "வரமாட்டான்" என்று சொல்வதில்லை. "மஸ்கட்லேர்ந்து வர்றான்" என்பார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் "நாளைக்கு வர்றேம்மா" என்றால் மங்கை, "மஸ்கட்லேர்ந்தா?" என்று கேட்பாள். அவர் ஒன்றும் புரியாமல், "இல்லம்மா, இந்தா இருக்குற முதுநகர்லேர்ந்துதான்" என்பார்.

போன வருஷம் ஒரு நாள் குமரவேலு போன் செய்து, "அக்கா, நாளைக்கு வர்றேன்" என்றான். மங்கை கேட்டாள், "எங்கேர்ந்து?" அவன் சொன்னான், "மஸ்கட்லேர்ந்து." வீடே விழுந்து விழுந்து சிரித்தது. போனை வைத்துவிட்டு மறுநாள் எல்லாரும் புதுச்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டோம்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிவைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தான் குமரவேலு. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"மாமா" என்றான் என்னைப் பார்த்து, "வந்துட்டேன்னு அமுக்க எதுனா பட்டன் இருக்கா?"