ஒரு கொட்டம் மருந்து

கோயமுத்தூரை ஒட்டிய கணபதி ஊரில் மாட்டு வைத்தியத்துக்குச் சுப்பண்ணனை விட்டால் ஆளில்லை. வயிறு உப்பின காளையோ, தீனி எடுக்காத எருமையோ, மூங்கில் கொட்டத்தில் கஷாயத்தை நிரப்புவார். வாயைத் தூக்கிப் பிடிப்பார். ஒரே மூச்சில் உள்ளே இறக்கிவிடுவார். மாடு ஒருதரம் செருமும். மறுநாள் எழுந்து புல்லைத் தேடும். "மருந்துன்னா உள்ள போனது தெரியோணும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வந்து வாய்த்த வைத்தியம் என்ன தெரியுமா? சொட்டு மருந்து!

பைக்காராக் கரண்டு கோயமுத்தூருக்கு வந்த புதுசு. அவர் தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. கிணற்றில் காளை ஜோடி கட்டித் தோல்பறியால் கவலை இறைத்தால்தான் தண்ணீர். அப்படி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. நாலு துடிப்பு ஒழுங்காய்ப் போகும், ஒன்றை விழுங்கும், அப்புறம் மிரண்ட குதிரையாய் ஓடும். பெண்சாதி சென்னியம்மாள் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோவிந்தராஜுலு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார். மருந்துப் பாட்டிலை எடுத்தார்.

"எண்ணி ஊத்தித்தான் குடிக்கோணும். அளவுல நின்னா நெஞ்சு சீராகும். மிஞ்சுனா அதே மருந்து நெஞ்சை நிறுத்திப்போடும். ஒரு வேளை மறந்தாலும் அடுத்த வேளைக்குச் சேர்த்துக் குடிக்கப்படாது. குமட்டுனாலோ, பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சாலோ ஒடனே இங்க வாங்க. மருந்து தீர்ற வரைக்கும் வெளியூர்ப் பயணம் கூடாது."

"ஏனுங்க டாக்டரே, இதே ஒரு காளைக்குன்னா எவ்வளவு குடுப்பீங்க?"

டாக்டர் சென்னியம்மாளைப் பார்த்தார். சென்னியம்மாள் டாக்டரைப் பார்த்தாள். பாட்டில் அவள் கைக்குப் போயிற்று.

அன்றுமுதல் வேளை தவறாமல் அவளே ஊற்றிக் கொடுத்தாள். நெஞ்சும் அடங்கிற்று. ஆனால் சித்திரையில் இரண்டு காளையில் ஒன்று செத்துப் போனது. ஒற்றைக் காளையைக் கட்டிக் கவலை ஓடுமா? பயிர் வாடியது. கண்ணபுரத்து மாட்டுச் சந்தையும் கூடிவிட்டது. பக்கத்துத் தெரு பீர் முகம்மது ராவுத்தர் மறுநாள் வண்டி கட்டுவதாகச் சொல்லியனுப்பினார்.

"ராவுத்தர் வண்டியில சும்மா குந்திட்டுப் போறதுக்கு நெஞ்சுக்கு என்ன கேடு அம்மணி?"

"மருந்து தீரட்டுமுங்க."

"அதுக்குள்ள சந்தை கலைஞ்சு போயிருமே!"

"மருந்து தீரட்டுமுங்க."

"உனக்கு வேற ஒண்ணும் பேசத் தெரியாதா?"

"தெரியுமுங்க. சோறு ஆறுது, வாங்க."

சுப்பண்ணன் அட்டாலியை அண்ணாந்து பார்த்தார். பாட்டிலில் முக்கால் பங்கு இருந்தது. மருந்து தீர்ந்தால் போகலாம். சரி, தீர்த்துவிட்டால்?

அவள் கிணற்றடிக்குப் போனதும் பாட்டிலை இறக்கிக் கொட்டத்தில் கவிழ்த்தார். தன் தாடையைத் தானே தூக்கிப் பிடித்தார். ஒரே மூச்சு. ஆலகாலக் கசப்பு. ஒருதரம் செருமினார்.

சொல்லிவைத்தாற்போல ராவுத்தர் வந்தார்.

"ராவுத்தரே, நானும் வாரேன். மருந்து தீந்துபோச்சு!"

"அதெப்புடிங்க கவுண்டரே? நேத்து நான் வந்தப்ப முக்காப் பாட்டில் இருந்துச்சுங்களே?"

சுப்பண்ணன் காலிக் கொட்டத்தைப் பெருமையாய்க் காட்டினார். ராவுத்தர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேட்டுப்பாளையத்துல ஒரு பாக்கு யாவாரி இப்புடித்தானுங்க, நெஞ்சு மருந்தை ஒண்ணுக்கு ரெண்டாக் குடிச்சாரு. பாத்ததெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சுதாம்."

"அப்பறம்?"

"அப்பறம் பாக்கறதுக்கு அவர் இல்லீங்க."

சுப்பண்ணன் வாசலை எட்டிப் பார்த்தார். அலறினார்.

"ஐயோ! வாசல் பூராவும் மஞ்சள்!"

"அது மஞ்சள்தானுங்க. உங்க ஊட்டம்மா வேக வெச்சுக் காயப்போட்டிருக்காங்க."

"உங்க தாடி?"

"மருதாணிங்க."

எதுவும் காதில் ஏறவில்லை. குமட்டியது. கட்டிலில் சாய்ந்தார். ராவுத்தர் டாக்டரிடம் போக வண்டியைப் பூட்ட எழுந்தார். அதற்குள் சென்னியம்மாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"அம்மணி, மருந்து பூராவும் குடிச்சுப்போட்டேன்!"

அவள் காலிப் பாட்டிலைப் பார்த்தாள். குடத்தை இறக்கினாள். ராவுத்தரைக் கையமர்த்திவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நான் போனாலும் கவலை ஓடோணும் அம்மணி. ராவுத்தரோட போயி நீயே காளை வாங்கிப்போடு."

"எனக்குக் காளையப் பத்தி என்னுங்க தெரியும்?"

யாருக்கும் சொல்லாத சூட்சுமத்தையெல்லாம் அவர் கொட்டினார். மாட்டின் உடம்பில் சுழி எங்கே இருந்தால் ஆகும், எங்கே இருந்தால் ஆகாது. பல்லில் வயசு பார்ப்பது எப்படி. நடக்கவிட்டால் பின்னங்கால் எங்கே விழ வேண்டும்.

"வாலுங்க?"

"முட்டிக்குக் கீழ தொங்கோணும்."

"தரகனுக துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சு வெலை பேசுவாங்களே, அதுங்க?"

துண்டை விரித்து, அவள் விரலைப் பிடித்து, அதையும் கற்றுக்கொடுத்தார். சாகப்போகிற மனுஷனாயிற்றே என்று பாராமல் அவள் இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். கடைசியாய் இடுப்புப் பையையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பையை மடியில் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள்.

"கண்ணைத் தொறங்க. இதானுங்க மருந்து. காளைக்கு எவ்வளவுன்னு கேட்டீங்களே, அன்னைக்கே டாக்டர்கிட்ட காலிப் பாட்டில் ஒண்ணு கேட்டு வாங்கியாந்தேன். இப்ப நீங்க குடிச்சது நெலவேம்புக் கசாயம்."

ராவுத்தர் சிரிப்பை அடக்க வாசலுக்கு ஓடினார்.

கோபம் வந்திருக்க வேண்டும். சுப்பண்ணனுக்கு வரவில்லை. வாசலில் நின்ற ராவுத்தரின் வேட்டியைப் பார்த்தார். வெள்ளை. என்ன வெள்ளை! ஓட்டுச் சந்தில் வானம் நீலம். மணிக்கட்டில் நாடி ஒழுங்காய் ஓடியது. கல்யாணத்தன்றுகூட அவளைக் கும்பிடாதவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"நீ இல்லாட்டி நான் இன்னைக்குப் போயிருப்பேன் அம்மணி."

"போயிருப்பீங்க. வாயைத் தொறங்க, வேளையாச்சு."

எண்ணி ஊற்றினாள். கன்றுக்குட்டி மாதிரிக் குடித்தார்.

மறுநாள் விடியலில் ராவுத்தர் வண்டியில் அவர் பெண்சாதியும் சென்னியம்மாளும் ஏறி உட்கார்ந்தார்கள். மருந்துக்குக் காவலாய்ச் சுப்பண்ணனின் அக்கா பொன்னாத்தாள் வந்து இறங்கியிருந்தாள். நெஞ்சு நிறைய நன்றியோடு சுப்பண்ணன் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தார்.

"சுழியும் பல்லும் சரி அம்மணி, குணம் முக்கியம்! சொன்ன பேச்சு கேக்காத காளையைப் புடிச்சாந்துராத!"

"புடிச்சாந்தாத்தான் என்னுங்க? அதைக் கட்டி மேய்க்கறது எனக்குப் புதுசுங்களா?"