சுறாவும் திமிங்கலமும்

சுறா கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடியும் வாந்தி எடுத்தாள்.

"கடலெல்லாம் நமக்கு ஜுஜுபி" என்று முதல் நாளே பீற்றிக்கொண்டதால் அவளுக்கு அந்தப் பெயர். பாய் ஏற்றவும் கடலறிவியல் படிக்கவும் பாய்மர ஆராய்ச்சிக் கப்பலில் வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளில் வாயும் அவளுக்குத்தான் அதிகம். ஆனால் கேப்டன் கறாராகச் சொல்லியிருந்தார்: "வாந்தி எடுக்கிற ஆளு அடுத்த துறைமுகத்துல இறங்கிடணும். அழுதாலும் விட மாட்டேன்."

இறங்கினால் தொலைந்தது. "ரெண்டே நாள்ல திரும்பி வந்துடுவா பாரு" என்று வீட்டில் அப்பா அண்ணனிடம் பந்தயமே கட்டியிருந்தார். அப்புறம் ஆயுளுக்கும் கேலிதான்.

அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் கப்பலின் அடித்தளக் கழிவறைக்கு வந்தாள். அந்தச் சுவருக்கு வெளியே, தண்ணீருக்குள், திமிங்கலம் பேசுவதைக் கேட்க விஞ்ஞானி மேடம் காலையில்தான் மைக் தொங்கவிட்டிருந்தார். பாவம், இருந்த அவஸ்தையில் அது அவளுக்கு ஞாபகமில்லை.

முகம் கழுவி மேலே போனால் ஒரே கூச்சல்.

"திமிங்கலம்! என் காதாலயே கேட்டேன்!" மேடம் ஹெட்போனோடு குதித்தார். "கேப்டன், பாயை இறக்குங்க! கப்பலை நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். ஓடும்போதாவது தேவலை. நின்ற கப்பல் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்தது. சுறா வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள்.

மேலே கைதட்டல். "மறுபடியும் கூப்பிடுது!"

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. போச்சுடா! சத்தம் வராமலிருக்க அடுத்த தடவை வாயில் துண்டை அழுத்திக்கொண்டாள்.

"அய்யோ, இப்பக் குட்டி பேசுதே!" மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "யாரும் நகரக் கூடாது. ராத்திரி வரைக்கும் இங்கயே நிப்போம்!"

ராத்திரி வரைக்குமா! சுறாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தட்டுத் தடுமாறி மேலே வந்தால், மேடம் கரைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"புது இனமாக்கூட இருக்கலாம் சார்! ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க..."

இந்த மனுஷியை நாளைக்கு ஊரே சிரிக்குமே என்று நினைத்ததும் சுறாவுக்குத் தாங்கவில்லை. அப்பா ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

"மேடம், போனை வைங்க. அது திமிங்கலம் இல்ல, நான்தான். கீழ வாந்தி எடுத்துட்டு இருந்தேன்."

மேடம் மெதுவாகப் போனை வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"நீ கத்தின, சரி. கப்பல் நின்னதுலேருந்து நீ கத்துறப்பல்லாம் பதிலுக்கு இன்னொண்ணு கத்துச்சே, அது யாரு?" ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். "இந்தா, நீ இங்க நிக்கிற, அது இப்பவும் கத்துதே!"

எல்லோரும் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"மேடம், கப்பலை எப்பக் கிளப்புவீங்க? கேப்டன் கீழ பக்கத்து பாத்ரூமுக்குள்ள இருந்தே கேக்குறாரு, ஒரு வாளி வேற பத்தலையாம்!"